ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரே, 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று வரும் கடிதத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் ஜனவரி பிறந்ததும் பள்ளி பள்ளியாகப் போய் 'திறனறித் தேர்வு' நடத்துகிற ஒரு நிறுவனத்திடம் என் அண்ணன் குடும்பம் ஏமாந்திருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

அண்ணன் மகள் காவேரிப்பட்டணம் பக்கத்தில், ஊராட்சிப் பகுதி அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு எழுதிய ஒரே வாரத்தில், நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட 200 பேரில் அவளும் ஒருத்தி என்று கடிதம் வந்தது. பெங்களூரில் பெரிய கல்லூரி ஒன்றில் பத்து நாள் கோடை ஆராய்ச்சி முகாம். கட்டணம் 68,000 ரூபாய். அத்துடன் இஸ்ரோ பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் 'யுவிகா' என்ற விண்வெளி அறிவியல் முகாமுக்குத் தாங்களே விண்ணப்பித்துத் தருவதாகவும் சொன்னார்கள். மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டு வாங்கிய முன்பணத்தை அண்ணன் அப்படியே கட்டினார்.

முகாமில் ஆராய்ச்சி என்று எதுவும் நடக்கவில்லை. பாடம் எடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பாதி நேரம் ராக்கெட் வீடியோ ஓடியது. சான்றிதழில் கல்லூரிக் கட்டடத்தின் படம் இருக்கிறது, கல்லூரியின் முத்திரையோ கையெழுத்தோ இல்லை. விசாரித்தபோது, விடுமுறையில் அறைகளை வாடகைக்கு விட்டதற்கு மேல் தங்களுக்குத் தொடர்பில்லை என்றது கல்லூரி நிர்வாகம். விடைத்தாளில் பாதியை வெற்றாக விட்ட பையனுக்கும் அதே 'இருநூறில் ஒருவர்' கடிதம் போயிருக்கிறது.

பணம் போனதைவிட என்னால் பொறுக்க முடியாதது யுவிகா விஷயம். அந்த விண்ணப்பத்தை அவர்கள் அனுப்பவே இல்லை. 2019இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமே உரியது. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனி மதிப்பும் உண்டு. பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் இஸ்ரோவின் செலவு. எங்கள் பிள்ளை தேர்வாகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. போட்டியிடும் உரிமை அவளுக்கு இருந்தது. இப்போது பத்தாம் வகுப்பு. அந்த வாசல் இனி அவளுக்குத் திறக்காது.

அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. 1984இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஐ. என்ற, பள்ளி மாணவர்களுக்கான கோடை ஆராய்ச்சித் திட்டம் இப்போது அங்கே நடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு மாணவர்களுக்கே இடம். தேர்வானவர்களிடம் படிப்புக்கும் தங்குவதற்கும் பணம் வாங்குவதில்லை. கட்டணம் வாங்கும் முகாம் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் வெளிப்படையாகக் கட்டணம் பெற்றுக் கோடை வகுப்பு நடத்துகின்றன. காசு கட்டிய எல்லோரையும் சேர்த்துக்கொண்டு அதைக் கடும் போட்டியில் கிடைத்த வெற்றி என்று சொல்வதுதான் அயோக்கியத்தனம்.

யுவிகா பதிவு அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி பிற்பகுதியில் தொடங்கி மார்ச் பிற்பகுதியில் முடிந்திருக்கிறது. உங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து நீங்களே பதிவு செய்யுங்கள், இடைத்தரகர் தேவையில்லை. வேறு எந்த முகாமானாலும் பிரசுரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்தக் கல்வி நிறுவனத்தின் அலுவலகத்துக்கே பேசி, நடத்துவது அவர்கள்தானா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, கடிதம், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எங்களுக்குக் கொடுத்த ரசீதில் முகாமின் பெயரே இல்லை, 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. உங்கள் ரசீதிலும் அப்படியே இருந்தால் அதன் நகலும் அந்தத் தேர்வுக் கடிதமும் எங்கள் வழக்குக்கு மிகவும் உதவும்.