சேமித்தது போய்ச் சேர்ந்ததா? லினக்ஸில் நான்கு ஆண்டு வெப்டேவ் அனுபவம்

என் கோப்புகள் இணையச் சேமிப்பகத்தில் இருக்கின்றன. லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து அவற்றை நான்கு ஆண்டுகளாக வெப்டேவ் வழியாகவே எடுத்தாள்கிறேன். சர்வரிலுள்ள கோப்புகளைத் தொலைவிலிருந்தே திறந்து திருத்த உதவும் நெறிமுறை அது.

முதலில் நாட்டிலஸ் கோப்பு மேலாளரே போதுமென்றிருந்தேன். முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கோப்புறை திறந்துவிடும். எப்போதாவது ஒரு கோப்பை எடுக்க இதுவே தாராளம். தொலைவிலுள்ள படங்களுக்கும் சிறுபடம் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றியது மட்டும் என் அசட்டுத்தனம். படங்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின.

கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலும் வேலை செய்ய வேண்டியிருந்ததால், வெப்டேவ் கோப்புறையைக் கணினியோடு இணைக்கும் டேவ்எஃப்எஸ்2 என்ற கருவிக்கு மாறினேன். கடவுச்சொல் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) என்று இல்லாவிட்டால் அது கோப்புறையை இணைக்க மறுக்கும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போனது. அதன்பின் தொலைக் கோப்புறை என் வட்டிலேயே இருப்பதுபோல் நடந்துகொண்டது. வினையே அங்குதான்.

ஒருநாள் கட்டுரையைத் திருத்திச் சேமித்தேன், மூடினேன், உடனே மடிக்கணினியையும் மூடிவிட்டுக் கிளம்பினேன். போன இடத்தில் வேறு கணினியில் திறந்தால் பழைய பிரதி! கோப்பை மூடி 10 விநாடி கழித்துத்தான் டேவ்எஃப்எஸ்2 பதிவேற்றத் தொடங்கும். அதற்குள் நான் கணினியைத் தூங்க வைத்திருக்கிறேன். நினைவிலிருந்து திருத்தங்களை மறுபடி தட்டச்சிட்டேன். வீடு திரும்பி மடிக்கணினியைத் திறந்தபோது சர்வரில் கோப்பு மாறியிருந்ததால், என் முதல் பிரதி 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் ஒதுங்கிக் கிடந்தது. தொலையவில்லை என்பதில் நிம்மதிதான். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டதை மறக்க முடியாது.

இப்போது இரண்டு ஆண்டுகளாக ஆர்குளோன் என்ற வேறு கருவி. தொலைக் கோப்புறையை மவுன்ட் செய்யும்போது, அதாவது கணினியோடு இணைக்கும்போது, எழுதுவதற்கான கேஷை (தற்காலிகச் சேமிப்பை) இயக்காவிட்டால் சில எடிட்டர்களில் சேமிக்கவே முடியாது. இயக்கினால் இதிலும் 5 விநாடித் தாமதம் உண்டு. ஆனால் பதிவேற்றம் தோற்றால் தானே மறுபடி முயல்கிறது, நடப்பதைப் பதிவேட்டில் சொல்கிறது. வேறு கணினியில் சேர்த்த கோப்பு இங்கே தெரிய 5 நிமிடம்வரை ஆகலாம். கோப்புறைப் பட்டியலை அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

பெரிய கோப்புகளில் மட்டும் எந்தக் கருவியும் கைகொடுக்கவில்லை. வெப்டேவில் பொதுவாக மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வழியில்லை. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் முழுக் கோப்பும் மறுபடி போகும். பல கோப்புகளைப் பூட்டி ஒரே கோப்பாக வைக்கும் 2 ஜிபி மறையாக்கப் பெட்டகத்தை அங்கே வைத்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். அது இப்போது என் வட்டில் இருக்கிறது, இரவில் ஒருமுறை மட்டும் மேலே போகிறது.