பத்து கிலோ எள்ளுக்கு எவ்வளவு எண்ணெய்? வீட்டு மெஷினும் செக்கும் ஒரு கணக்கு

வீட்டுக்கான சின்ன எண்ணெய் மெஷின் இப்போது 15 ஆயிரம் ரூபாயிலிருந்து 30 ஆயிரம் வரை விலையில் நிறைய கிடைக்கிறது. வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ஒரே புலம்பலுக்கு வந்துவிடுகிறார்கள்: "செக்கில் காணுகிற அளவு எண்ணெய் இதில் காணவில்லை." உண்மைதான், காணாது. ஆனால் எவ்வளவு குறைகிறது, அந்தக் குறைச்சலில் எவ்வளவு மெஷினுடைய குற்றம், எவ்வளவு நாம் போட்ட வித்தின் குற்றம் என்று பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு எது சரி என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் வித்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ரகத்தையும் விளைச்சலையும் பொறுத்து 45 முதல் 55 சதவீதம் வரை போகும். உடைத்த நிலக்கடலைப் பருப்பில் 45 முதல் 50. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் 60-க்கு மேல். இதில் ஒரு பங்கு எப்போதும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். எந்த முறை ஆனாலும் போட்டி அந்தத் தங்குகிற பங்கைப் பற்றியதுதான்.

அடுத்து அளவுக் குழப்பம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 915 கிராம். செக்குக்காரர் லிட்டரில் சொல்லுவார், மெஷின் விளம்பரம் சதவீதத்தில் சொல்லும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். வித்தைக் கிலோவில் போட்டால் எண்ணெயையும் கிலோவிலேயே நிறுத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு போதும்.

சரி, பாதி எண்ணெய் உள்ள பத்து கிலோ எள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது ஐந்து கிலோ. மரச்செக்குப் பிண்ணாக்கின் எடையில் பொதுவாக 10 முதல் 14 சதவீதம் எண்ணெய் நிற்கும். நடுவாக 12 என்று வைத்தால் 4.3 கிலோ எண்ணெய் வெளியே வர வேண்டும். உரலில் ஒட்டுவது, துணியில் போவது, கசடாக அடியில் தங்குவது எல்லாம் கழித்தால் கையில் கிடைப்பது நாலிலிருந்து நாலரை லிட்டர். "ரெண்டேகால், ரெண்டரை கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர்" என்று செக்குக்காரர்கள் சொல்லும் கணக்கு இதிலிருந்து வருவதுதான். எக்ஸ்பெல்லர் என்னும் பெரிய திருகு இயந்திரத்தில் தங்குவது 6 முதல் 8 சதவீதம், எனவே 4.6 கிலோ வரை எடுத்துவிடும். வீட்டு மெஷினில் நீளம் குறைந்த திருகு, சின்ன மோட்டார், அழுத்தமும் குறைவு. 15 முதல் 20 சதவீதம் பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே நின்றுவிடும். அதன்படி வெளியே வருவது 3.8 முதல் 4.1 கிலோ.

ஆக பத்து கிலோவுக்கு மரச்செக்கைவிட சுமார் அரை லிட்டர் குறையும். இதுதான் உண்மையான வித்தியாசம். கிலோவுக்கு 300 கிராம்கூட வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

மரச்செக்கும் ரோட்டரியும்

மரச்செக்கில் நடப்பது வெறும் நசுக்கல் இல்லை. உலக்கை வித்தை உரலின் சுவரோடு தேய்த்து அரைக்கிறது. அரைத்த மாவில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும், மாவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிடுகிறது, பிண்ணாக்கு இறுகிச் சுவரில் ஏறுகிறது. எள்ளுக்குக் கருப்பட்டியோ வெல்லமோ போடுவதும் இந்த இறுக்கத்துக்காகத்தான். பத்து கிலோவுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போடுவார்கள். நல்லெண்ணெய்க்கு அது தருகிற மணம் உபரி லாபம். எப்போது தண்ணீர் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பதில்தான் ஆட்டுகிறவரின் கைப்பக்குவம் இருக்கிறது. ஒரே எள்ளை இரண்டு செக்கில் கொடுத்து இரண்டு அளவு வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் திருட்டு என்று சொல்லப்படுவதில் பாதி, தண்ணீர்க் கணக்குத் தவறியதாக இருக்கும். மீதிப் பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ரோட்டரி என்பது இரும்புச் செக்கு. இதில் உரல் சுற்றும், உலக்கை நிற்கும். மரச்செக்கைவிட வேகம் அதிகம், சூடும் கொஞ்சம் அதிகம், எண்ணெயும் சற்றுக் கூடுதலாகக் காணும். மரத்தில் ஆட்டியதற்கும் இதற்கும் ருசியில் பெரிய வேறுபாடு தெரியும் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் நாக்குக்குக் கடலை எண்ணெயில் தெரிவதில்லை, நல்லெண்ணெயில் மட்டும் தெரிகிறது.

செக்கில் எண்ணெய் அளவைக் கூட்டப் பார்ப்பது புதிய மோகமும் இல்லை. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் இதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டது. பழைய மாட்டுச்செக்கின் அமைப்பைத் திருத்தி, குறைந்த நேரத்தில் கூடுதல் எண்ணெய் தரும் 'வார்தா காணி' (இந்தியில் 'கானி' என்றால் செக்கு) அங்கே உருவானது. அந்தச் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். ஆலையோடு போட்டி போட முடியாமல் செக்கு அழிகிறது என்றால் செக்கையும் திருத்த வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்த வழி. மரம் என்றாலே மாற்றக் கூடாதது என்று இன்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீட்டுக்காரருக்குச் செக்கில் உள்ள ஒரே பெரிய இடைஞ்சல் குறைந்தபட்ச அளவு. ஒரு ஆட்டத்துக்குப் பத்து, பதினைந்து கிலோவாவது வேண்டும். மூன்று கிலோவைக் கொண்டு போனால் உரலில் நிறையாது, இறுகாது, எண்ணெயும் காணாது. "அடுத்தவர் எள்ளோடு சேர்த்து ஆட்டட்டுமா அண்ணே?" என்று கேட்பார்கள். சம்மதித்தால் அதற்கப்புறம் அது உங்கள் எள்ளின் எண்ணெய் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எள் ஆட்டுகிற செக்குகளும் உண்டு. முதல் நாள் கடலை ஆட்டியிருந்தால் முதலில் வருவது கலப்பாகத்தான் வரும்.

எக்ஸ்பெல்லர்

வீட்டுத் தேவைக்கு இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வித்தைச் சூடாக்கி, பெரிய இரும்புத் திருகில் கடும் அழுத்தம் கொடுத்துப் பிழிவது. எண்ணெய் கொதிக்கக் கொதிக்க வரும். அதிலும் தங்குவதை ஹெக்சேன் என்னும் கரைப்பான் போட்டுக் கரைத்து எடுத்தால் பிண்ணாக்கில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அது பெரிய ஆலைகளின் வேலை. அளவு ஒன்றே குறி என்றால் பிழிகிற முறைகளில் எக்ஸ்பெல்லரை எதுவும் ஜெயிக்க முடியாது. மணம் வேண்டும் என்று செக்கு எண்ணெய்க்குத் திரும்பியவர்கள் அளவுக்காக மறுபடி இங்கே வருவதில் அர்த்தமில்லை.

வீட்டு மெஷின்

செக்குக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு இருக்கிறது. செக்கு அரைக்கிறது. மெஷின் திருகுகிறது. செக்குக்கு ஈரம் வேண்டும். மெஷினுக்கு ஈரம் எதிரி. செக்குப் பழக்கத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டோ, தண்ணீர் தெளித்தோ மெஷினில் கொட்டினால் திருகு பிசுபிசுத்து நின்றுவிடும், கழற்றிக் கழுவ அரை நாள் போகும்.

திருகுக்கு வித்தில் 5 முதல் 7 சதவீத ஈரம் இருந்தால் நல்லது. வீட்டில் ஈரமானி யாரிடமும் இருக்காது, தேவையும் இல்லை. கடலைப் பருப்பை உள்ளங்கையில் தேய்த்தால் சிவப்புத் தோல் தானாக உதிர வேண்டும். கொப்பரை வளையக் கூடாது, டக்கென்று முறிய வேண்டும். எள்ளைக் கையில் அள்ளி விட்டால் ஒட்டாமல் சலசலவென்று கொட்ட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு நாள், மழைக்காலம் என்றால் வாணலியில் கை பொறுக்கும் சூட்டில் புரட்டுவது. வறுக்கக் கூடாது. வறுத்தால் எண்ணெய் கூடும், ஆனால் நிறமும் மணமும் மாறி வேறு எண்ணெயாகிவிடும்.

ஈரமா காய்ச்சலா என்பதை வெளியே வரும் பிண்ணாக்கே சொல்லிவிடும். முறுக்கு மாவு மாதிரி கொழகொழவென்று நீளமாக வந்தால் ஈரம் அதிகம், எண்ணெய் உள்ளேயே போகிறது. பொடிப்பொடியாகப் புகைந்து வந்தால் அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. மெல்லிய தகடாக, விரலால் நசுக்கினால் நொறுங்கும்படி வந்தால் சரியான பதம்.

அடுத்தது சூடு. இந்த மெஷின்களில் பெரும்பாலும் குழலைச் சூடாக்கும் வசதி இருக்கும். குளிர்ந்த குழலில் முதல் பிடி வித்தைப் போட்டால் எண்ணெய் வராமல் அப்படியே பசையாகத் தள்ளும். பத்து நிமிடமாவது சூடேற விட்டு, முதலில் வந்த பிண்ணாக்கை மறுபடி உள்ளே போட்டுவிடுங்கள். "நான் சூடே இல்லாமல்தான் பிழிவேன்" என்கிறவர்கள் அளவுக் குறைச்சலைப் பற்றிப் பேசக் கூடாது. இரண்டும் சேர்ந்து வராது. சூட்டை அணைத்தாலும் திருகின் உராய்விலேயே குழல் சூடாகிவிடும் என்பது வேறு விஷயம். விளம்பரத்தில் எழுதியிருக்கிற 'கோல்டு பிரஸ்' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிப்பது நல்லது.

மெதுவாகப் போடுவது மூன்றாவது. வாய் நிறையக் கொட்டிவிட்டுப் போனால் திருகு வழுக்கும். பிண்ணாக்கு வெளியே வரும் இடத்தில் இறுக்கத்தை மாற்றுகிற திருகு உங்கள் மெஷினில் இருந்தால், ஒரேயடியாக இறுக்காமல் ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தகடு மெலிய மெலிய எண்ணெய் கூடும். மோட்டார் முனகத் தொடங்கும் இடம்தான் எல்லை.

வித்தைப் பொறுத்தும் நடத்தை மாறும். கொப்பரையை விரல் நகம் அளவுக்குச் சீவிப் போட்டால் மெஷினில் தாராளமாக வரும். செக்குக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவாகத் தெரிவது இதில்தான். 1.6, 1.7 கிலோ கொப்பரைக்கு ஒரு லிட்டர் என்பது செக்குக் கணக்கு, வீட்டில் இரண்டு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காங்கேயம் பக்கம் வாங்கினால் கந்தகப் புகை போடாத கொப்பரையா என்று கேட்டு வாங்குங்கள். எள்ளில் தோலோடு உள்ள கறுப்பு எள் நன்றாக ஓடும், தோல் நீக்கிய வெள்ளை எள் வழுக்கும். திருகுக்குப் பிடிப்புக் கொடுப்பது தோலிலுள்ள நார்தான். கடலைதான் பெரிய தொல்லை. எண்ணெய் அதிகம், நார் குறைவு, சீக்கிரம் பசையாகிவிடும். ஆலைகளில் கடலைப் பருப்போடு கொஞ்சம் தொட்டியையும் (கடலையின் மேல் ஓடு) சேர்த்து விடுவது இதற்காகத்தான். வீட்டில் தோல் நீக்காத பருப்பைப் பாதியாக உடைத்து, ஒரு கைப்பிடி சுத்தமான தொட்டியை நொறுக்கிக் கலந்தால் ஓட்டம் சீராகும். சொத்தை, பூஞ்சை பிடித்த பருப்பு ஒன்றுகூடப் போகக் கூடாது. அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு அதில்தான் உண்டாகிறது, வீட்டில் அதை நீக்க வழியில்லை. இந்தப் பொறுக்கல் வேலைதான் மெஷின் வைத்திருப்பதன் உண்மையான லாபம் என்பேன். ஆட்டப்போகிற பருப்பை நீங்களே கண்ணால் பார்க்கிறீர்கள்.

அப்புறம் கசடு. மெஷின் எண்ணெய் கலங்கலாகத்தான் வரும், செக்கு எண்ணெயைவிட மண்டி அதிகம். பிழிந்த கையோடு அளந்தால் நிறைய இருப்பதாகத் தோன்றும். மூன்று நாலு நாள் தெளியவிட்டு மேலாக இறுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். மெஷினைப் புகழ்கிற வீடியோக்களில் காட்டும் அளவு பெரும்பாலும் தெளியாத எண்ணெயின் அளவு. அடியில் நிற்கும் மண்டியைக் கொட்ட வேண்டாம். அடுத்த முறை பிழியும் வித்தோடு பிசறிப் போட்டால் அதிலுள்ள எண்ணெயும் வந்துவிடும். பிண்ணாக்கையும் அப்படியே ஒருமுறை புது வித்தோடு கலந்து ஓட்டலாம். பிண்ணாக்கை மட்டும் தனியாகப் போட்டால் குழல் அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் செய்கிறவர்களுக்குச் செக்கோடு உள்ள அரை லிட்டர் இடைவெளி பாதியாகக் குறைய வாய்ப்பிருக்கிறது.

எதற்கு எது?

பணக் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீடு, கடைச் செக்கு எண்ணெயைவிட வீட்டில் பிழிவதில் லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும், 20 ஆயிரம் ரூபாய் மெஷினுக்கு முதல் திரும்ப ஐந்தரை வருடம் ஆகும். அதுவரை மோட்டார் தாங்க வேண்டும். செக்கில் ஆட்டினால் கூலியும் போக்குவரத்தும் உண்டு, ஆனால் பல இடங்களில் பிண்ணாக்கை விட்டுக்கொடுத்தால் கூலி கேட்பதில்லை. வீட்டில் மாடு இருந்தால் பிண்ணாக்கை விடாதீர்கள், கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதேபோல் மெஷின் பிண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாக நிற்பதால் மாட்டுக்கு அது சத்து. தென்னைக்கும் ரோஜாவுக்கும் போடுகிறவர்களுக்கு மட்டும் அது நஷ்டம்.

நல்லெண்ணெய்க்கு நான் செக்கையே சொல்வேன். கருப்பட்டி போட்டு ஆட்டிய மணத்தை எந்த வீட்டு மெஷினும் தராது, அளவும் அங்கே கூடுதல். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து பதினைந்து கிலோ எள் வாங்கிக் காயவைத்துக் கொண்டு போனால் குறைந்தபட்ச அளவுப் பிரச்சினையும் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய்க்கு, அதுவும் வீட்டுத் தென்னையில் காய் வருகிறவர்களுக்கு, மெஷின் நல்ல வாங்கல். மாதம் நாலு கிலோ கொப்பரை சேர்ந்தால் அன்றன்றைக்குப் பிழிந்துகொள்ளலாம், சிக்கு வாடை வராது. கடலை எண்ணெய்க்கு மெஷினை நம்பி வாங்க வேண்டாம். பருப்பைப் பொறுக்கிக் காயவைத்து, ரோட்டரியில் கொடுத்து, ஆட்டி முடியும்வரை பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாங்கி வாருங்கள்.