அமர்ந்தபடியே ஆளும் நாயகன்: ‘பீஷ்ம பர்வம்’

குடும்பம் முழுவதும் குழுப்படம் எடுத்துக்கொள்ளக் கூடி நிற்கிறது. மம்மூட்டி நடிக்கும் மைக்கேல் அவசரமே இல்லாமல் நடந்து வந்து நடுவில் உள்ள நாற்காலியில் அமர்கிறார். படம் எடுப்பவரைப் பார்த்து, “சாம்பிக்கோ” என்கிறார். காட்சி அவ்வளவுதான். அடி இல்லை, வெட்டு இல்லை, துப்பாக்கி இல்லை. ஆயினும் 2022இல் கேரளத்தின் கல்லூரி வகுப்புகளிலும் அலுவலகங்களிலும் கல்யாண வீடுகளிலும் மக்கள் திரும்பத் திரும்ப நடித்துப் பார்த்தது இந்தச் சில நொடிகளைத்தான். ஓங்கி அடிப்பதற்கு மலையாளப் பேச்சில் உள்ள சொல்லைப் படம் எடுப்பவரிடம் சொன்னால் “ம், தட்டி விடு” என்ற தொனி வந்துவிடுகிறது. அந்தத் தொனியை எந்தத் துணைவரியாலும் பிடிக்க முடியவில்லை. தமிழ்க் காதுக்கு மட்டும் அது துணைவரி இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

அமல் நீரத் இயக்கி, 2022 மார்ச் 3 அன்று திரைக்கு வந்த ‘பீஷ்ம பர்வம்’ என்ற மலையாளப் படத்தை அதிரடிப் படம் என்றே விளம்பரப்படுத்தினார்கள். அதிரடி அதில் உண்டு. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குத் தெளிவானது வேறொன்று: இந்தப் படத்தின் மிடுக்கு முழுவதும் நாயகனின் அசைவில் இல்லை, அசையாமையில் இருக்கிறது. யார் அமர்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் வாசலோடு நிறுத்தப்படுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே கதையில் பாதி விளங்கிவிடும்.

கதை எண்பதுகளின் கொச்சியில் நிகழ்கிறது. அஞ்ஞூற்றி என்னும் செல்வாக்குள்ள கிறித்தவக் குடும்பத்துக்கு மைக்கேல்தான் மையம்; வீட்டில் எல்லோருக்கும் அவர் மைக்கேலப்பன். கொல்லப்பட்ட அண்ணனுக்காகப் பழிதீர்த்தவர், மணம் செய்துகொள்ளாதவர், சொந்த வீட்டாருக்கும் வெளியிலிருந்து வருவோருக்கும் நியாயம் பேசி முடிப்பவர். அந்த அதிகாரத்தின் நிழலில் வசதியாக வாழ்ந்துகொண்டே அதை வெறுக்கும் உறவினர்கள் ஒரு பக்கம். குடும்பத்துக்குள் முழுமையாக ஏற்றுக்கொள்ளப்படாத பாத்திமாவும் அவருடைய மகன்கள் அஜாஸ், ஆமி ஆகியோரும் மறுபக்கம். பழைய கொலை ஒன்றின் வஞ்சத்தைத் தீர்க்கக் காத்திருக்கும் முதிய தம்பதியரான இரவிப்பிள்ளையும் கார்த்தியாயனியம்மாவும் இன்னொரு மூலையில் இருக்கிறார்கள்.

அமல் நீரத்தும் மம்மூட்டியும் முன்பு இணைந்தது 2007இல், ‘பிக் பி’ படத்தில். மெதுவாக நடப்பது, குறைவாகப் பேசுவது, தாழ்ந்த கோணத்திலிருந்து பார்க்கும் கேமரா என்று மலையாள அதிரடிப் படங்களுக்கு ஒரு புதிய நடையை அந்தப் படம் பழக்கிக் கொடுத்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் அந்த நடையைப் பலரும் நகலெடுத்துத் தேய வைத்துவிட்டார்கள். அதனால், இனி ஸ்லோமோஷனில் காட்ட என்னதான் மிச்சம் இருக்கிறது என்ற ஐயத்தோடுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். மிச்சம் இருந்தது, மம்மூட்டியின் வயது. படம் வெளிவந்தபோது அவருக்கு 70. சண்டை அமைத்த சுப்ரீம் சுந்தர், ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்துக்காகத் தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். மண்ணில் புரண்டு மூச்சிரைக்கும் சண்டைக்காக அங்கே பெயர் வாங்கியவர், இங்கே அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்திருக்கிறார். மைக்கேல் ஓடுவதில்லை, தேவைக்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. கறுப்புச் சட்டை, வேட்டி, நீண்ட தலைமுடி, தாடி ஆகியவற்றோடு அந்த உருவம் நின்ற இடத்திலேயே கனமாக நிற்க, மற்ற எல்லாம் அதைச் சுற்றிச் சுழல்கின்றன. ‘பிரேமம்’ படத்தை ஒளிப்பதிவு செய்த ஆனந்த் சி. சந்திரன்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர் என்பதை நம்பச் சற்று நேரம் ஆகும். அங்கிருந்த வெயிலின் துள்ளல் எதுவும் இல்லை, அந்தப் பெரிய வீட்டின் மர அறைகளில் ஒளி பெரியவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நுழைவதைப் போல நுழைகிறது.

தலைப்பை விளக்கத் தேவையில்லை. வில்லிபாரதத்தின் வீட்டும பருவத்தையோ கூத்து மேடையின் அம்புப் படுக்கையையோ அறிந்த எவருக்கும், இந்த வீட்டுப் பிதாமகன் விழப்போகிறார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரிந்துவிடும். ஆகவே படத்தின் நடுவில் மைக்கேல் தாக்கப்பட்டு முடங்கிப்போவதைச் சொல்வது ரகசியத்தை உடைத்ததாகாது என்று நினைக்கிறேன். அதன்பின் திரைக்கதை எடுக்கும் முடிவுதான் துணிச்சலானது. இவ்வளவு பெரிய நட்சத்திரத்தை முடக்கி வைத்துவிட்டு, வீச்சு முழுவதையும் சௌபின் ஷாஹிர் நடிக்கும் அஜாஸின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாரதத்தில் பீஷ்மரை வீழ்த்துவது அர்ச்சுனனின் அம்பு. இங்கே அர்ச்சுனனை நினைவூட்டுபவன், வீழ்ந்தவருக்காகக் களம் இறங்குகிறான். எவரைக் குடும்பம் ஓரத்தில் நிறுத்தியதோ அவரிடமே குடும்பத்தின் மானம் வந்து சேர்கிறது. சௌபின் இதைத் துளியும் உரக்க நடிக்காமல், அடக்கி வைத்த ஆத்திரமாகவே கடைசிவரை கொண்டுபோகிறார்.

இத்தனையும் சொன்னபின் குறையைச் சொல்லாமல் விட முடியாது. கதாபாத்திரங்கள் மிகுதி. முதல் அரை மணி நேரம், யார் யாருக்குத் தம்பி, யாருடைய மனைவி என்று ஒரு வம்சாவளியைத் தாளில் எழுதிக்கொள்ளலாமா என்று தோன்றுமளவுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ‘காட்ஃபாதர்’ சாயலை இயக்குநர் மறைக்க முயலவில்லை. அதை மரியாதை என்று ஏற்றுக்கொண்டாலும், சில காட்சிகளில் அடுத்து வருவது முன்கூட்டியே தெரிந்துவிடுவது அலுப்பூட்டுகிறது. பம்பாயிலிருந்து வரும் இரவிப்பிள்ளையின் பேரனாகச் சுதேவ் நாயருக்கு உடையும் தோரணையும் கிடைத்த அளவுக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்கு மிகவும் உறுத்தியது பெண்களின் நிலை. பாத்திமாவாக வரும் நதியா, லெனா, ஸ்ரிந்தா, மாலா பார்வதி என்று இத்தனை நல்ல நடிகைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, பெரும்பாலான நேரம் ஆண்கள் எடுக்கும் முடிவுகளுக்கு முகம் மாற்ற மட்டுமே அவர்களைப் பயன்படுத்தியிருப்பது வீண்செலவு.

நெடுமுடி வேணுவும் கே.பி.ஏ.சி. லலிதாவும் வரும் காட்சிகள் மட்டும் வேறொரு படத்திலிருந்து வந்தவை போல இருக்கின்றன. புகழ்ந்துதான் சொல்கிறேன். இரவிப்பிள்ளையாகவும் கார்த்தியாயனியம்மாவாகவும் அவர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் ஆண்டுக்கணக்கில் ஊறிய நஞ்சு இருக்கிறது. நெடுமுடி வேணு 2021 அக்டோபரில் காலமானார். லலிதா மறைந்தது 2022 பிப்ரவரி 22, அதாவது படம் வெளிவருவதற்கு ஒன்பது நாட்கள் முன்பு. திரையரங்கில் அந்த முதியவள் முதன்முதலாகத் தோன்றியபோது, அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த என் பின்வரிசை இளைஞர்கள் சட்டென்று அடங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

சுஷின் ஷ்யாமின் இசையைத் தனியே குறிப்பிட வேண்டும். பின்னணி இசை ஒவ்வொரு நடைக்கும் முரசு கொட்டாமல், தேவைப்படும் வரை காத்திருந்து எழுகிறது. பாடல்களில் ‘ரதிபுஷ்பம்’ ஓர் இன்ப அதிர்ச்சி. தமிழ்ப் பாட்டு ரசிகர்களுக்கு நன்கு பழகிய குரலான உன்னி மேனன், எண்பதுகளின் டிஸ்கோ மெட்டில் பாட, ஷைன் டாம் சாக்கோவும் ரம்சான் முகமதுவும் திரையில் வருகிறார்கள். வழக்கமாக இவ்வகைப் பாட்டில் ஒரு பெண் ஆடுவாள், ஆண்கள் பார்ப்பார்கள். இங்கே ஆடுவது ஆண், அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் இருப்பதும் ஆண். ஷைன் நடிக்கும் பீட்டர் என்ற கதாபாத்திரம் வீட்டில் காட்டும் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை வசனம் எதுவும் இல்லாமல் ஒரே பாட்டில் சொல்லிவிடுகிறார்கள்.

படம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் ஹாட்ஸ்டாரில் வந்தது. கைபேசியில் பார்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்பேன். சட்டகத்தின் ஓரங்களில் நிற்பவர்களின் முகங்கள் அதில் தெரியாது. தொலைக்காட்சியில், விளக்கை அணைத்துவிட்டு, மலையாள ஒலியிலேயே பாருங்கள். அந்தக் குழுப்படக் காட்சி வரும்போது மட்டும் மம்மூட்டியை விட்டுவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களை ஒருமுறை பாருங்கள். யாருடைய சிரிப்பு கண்வரை எட்டவில்லை என்று தேடினால், பிற்பாதியில் வரப்போகிறவை அங்கேயே தெரிந்துவிடும்.