ஆர்டி 350 இரட்டை கார்புரேட்டர் ட்யூனிங்: பெரம்பூரில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்

என் வண்டி 1986 ராஜ்தூத் ஆர்டி 350, லோ டார்க் (இழுவிசை குறைத்த) மாடல். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். அப்பா வாங்கியது, இப்போது என்னிடம். நாலைந்து மாதமாக ஐட்லிங்கே நிற்கவில்லை. சிக்னலில் நின்றால் இடது சிலிண்டர் மட்டும் செத்துவிடும், ஆக்சிலேட்டர் முறுக்கி மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டினால்தான் மறுபடி சேர்ந்துகொள்ளும். முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கார்புரேட்டர் சர்வீஸ் முடிந்தது என்றார்கள். வீட்டுக்கு வருவதற்குள் இடது சைலன்சரில் புகை இரண்டு மடங்கானது, பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று நனைந்து கிடந்தது.

ஒரு நண்பர் சொல்லித்தான் பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். பலகை கிடையாது. நாலு வண்டி நிற்கும் அளவுக்குத் தகரக் கொட்டகை, அதில் இரண்டு எப்போதும் பழைய டூ-ஸ்ட்ரோக்காக இருக்கும். நடத்துகிற பெரியவர், சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அங்கே ஓடிய ஆர்டிகளில் வேலை பார்த்தவர்.

முதல் நாள் அவர் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. "தம்பி, பாயின்ட்டு சரியில்லாம கார்புரேட்டர்ல கை வச்சா ரெண்டும் கெட்டுடும்" என்றார். பாயின்ட் என்பது பிளக்கில் பொறி விழும் நேரத்தை வைக்கும் சுவிட்ச்; இந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒரு பாயின்ட் வீதம் இரண்டு உண்டு, இரண்டின் டைமிங்கையும் தனித்தனியாக வைக்க வேண்டும். அதை முடித்து, இரண்டு பக்கமும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்து, அப்புறம் கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரைக் கட்டைவிரலால் மடக்கிக் காட்டினார். இடது ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, மடக்கினால்தான் வாயைத் திறக்கிறது. அது வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பி என்ன பயன்?

மறுநாள்தான் கார்புரேட்டர்களைப் பிரித்தார். ஐட்லிங்கில் பெட்ரோல் விடும் நுண்துளைத் திருகான பைலட் ஜெட் இரண்டையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். வலது பக்கத் துளை சுத்தமான வட்டம். இடது பக்கத்தில் ஒரு ஓரம் பிய்ந்து, நீள்வட்டமாகியிருந்தது. அடைப்பெடுக்கிறேன் என்று யாரோ இரும்புக் கம்பியை விட்டுக் குத்தியிருக்கிறார்கள்! ஐட்லிங்கில் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போனதும், பிளக் நனைந்ததும் இதனால்தான். நல்லதாக இருந்த வலது ஜெட்டையும் சேர்த்து ஜோடியாகவே மாற்றினார். தயவுசெய்து உங்கள் மெக்கானிக் ஜெட்டுக்குக் கம்பியை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

நான் இந்தக் கடையை இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் அடுத்து நடந்தது. ஆர்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் கீழே வந்து மூன்றாகப் பிரியும்: இரண்டு கார்புரேட்டருக்கு, ஒன்று ஆயில் பம்புக்கு. கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் துண்டுதான் ஸ்லைடு. ஒரு ஸ்லைடு முந்தித் தூக்கினால் ஒரு சிலிண்டர் இழுக்கும், இன்னொன்று பின்னாலேயே வரும். பெரியவர் ஏர்ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்களின் அடிப்பக்கத்தை இரண்டு ஸ்லைடுகளுக்கும் கீழே சொருகி, ஆக்சிலேட்டரை மிக மெதுவாகத் திருப்பச் சொன்னார். இடது பிட் முந்தி விழுந்தது. கேபிளின் அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருப்பி மறுபடி, அப்புறமும் மறுபடி, ஏழெட்டு முறை. கடைசியில் இரண்டும் ஒரே ‘டக்’கில் விழுந்தபோது எனக்கே சிலிர்த்தது. பிறகு ஆயில் பம்பின் குறியையும் சரிபார்த்தார். கேபிளை மாற்றியமைத்துவிட்டு பம்பை மறந்தால் ஆயில் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும், பல இடங்களில் இதைச் செய்வதே இல்லை.

ஐட்லிங்கில் காற்றளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே உட்காரவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து காதால் கேட்டே வைத்தார். இரண்டு சைலன்சர் வாயிலும் உள்ளங்கையைக் காட்டி உதைப்பு சமமாக இருக்கிறதா என்றும் பார்த்தார்.

இப்போது கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக ஸ்லைடில் தொங்கும் ஊசியின் (நீடில்) கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி, முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டையும் ஒரு அளவு ஏற்றினார், இரண்டுமே பெட்ரோலைக் கூட்டத்தான். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் மெலிந்தால் சூடு, சூடு ஏறினால் சீஸ், அதாவது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மாதவரம் தாண்டி செங்குன்றம் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்ச் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக் பார்த்தோம். இரண்டும் பிஸ்கட் கலர், கலவை சரி என்பதற்கு அடையாளம்.

மொத்தம் 3,400 ரூபாய் ஆனது, அதில் கூலி 1,800. மூன்று நாள். லிட்டருக்கு 18 கொடுத்த வண்டி இப்போது 23 கொடுக்கிறது, சிக்னலில் சீராக நிற்கிறது.

குறையும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார். எப்போது முடியும் என்று கேட்டால் "முடிஞ்சதும் சொல்றேன்" என்பார். பில் கிடையாது, பணமாகத்தான் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வண்டி நனையும், அதனால் ஒரு கவர் கொண்டுபோங்கள். அவசரமாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. போகிறவர்கள் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அவர் புது வண்டி எடுப்பதில்லை.