பாரிஸ் டிக்கெட் எடுப்பவர்கள் கவனத்துக்கு: 13½ மணி என்றார்கள், 18 மணி ஆனது

அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் எங்கள் வீட்டுக்குப் பாரிஸ் டிக்கெட் ஒன்றும் புதிதில்லை. அப்படியும் இந்த ஜனவரியில் ஏமாந்தோம்.

அக்காவின் பிரசவத்துக்கு அம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டியிருந்தது. புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸில் போய், அம்மாவுக்குச் சர்க்கரை, வழியில் ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "இருக்கிறதிலேயே சீக்கிரம் போறது இதுதான் சார், 6,000 கூட ஆகும்" என்றார் கடைக்காரர். சென்னையில் காலை 4 மணிக்கு ஏறி, தோஹாவில் மாறி, பாரிஸில் மாலை 5.30-க்கு இறங்க வேண்டும். டிக்கெட் உறையின் பின்பக்கம் பச்சைப் பேனாவில் '13½ மணி' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் பாரிஸ் கடிகாரம் நம்முடையதைவிட 4½ மணி பின்னால் ஓடும். அதையும் சேர்த்தால் 18 மணி நேரம்! தூரத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. சென்னை–பாரிஸ் நேராகப் பறந்தால் சுமார் 8,000 கி.மீ.; தோஹா வழியாகப் போனால் ஏறக்குறைய 250 கி.மீ.தான் கூடும். அம்மா பறந்தது 11½ மணி நேரம். பாக்கி 6½ மணி தோஹாவில் நாற்காலியில்.

சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய்விடுவாரே என்று ராத்திரி மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்திருந்தோம். அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. பாரிஸில் இறங்கியபோது அதில் ராத்திரி 10. முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு வீட்டில் காரில் ஏறியவர். பெட்டி வருகிற இடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாராம்.

விமான நிறுவனத்தின் இ-டிக்கெட்டில் மொத்தப் பயண நேரம் தனியாகப் போட்டிருக்கும். இவர் கொடுத்தது கடையிலேயே அடித்த ஒரு தாள்; அதில் அந்த வரி இல்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. அசல் டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு நீங்களே போடுவதானால் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் 3½ மணிதான்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "டிக்கெட்ல இருக்கிற நேரத்தைத்தானே சார் கழிச்சேன், எனக்கு இந்த டைம் டிஃபரன்ஸ் எல்லாம் தெரியாது" என்றார். பாவம், படிக்காத மனுஷன் போல என்று நினைத்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த உறையை மறுபடி பார்த்தேன். ஏப்ரலில் திரும்பி வருகிற டிக்கெட்டையும் அதிலேயே எழுதியிருக்கிறார். பாரிஸில் பிற்பகல் 3 மணி, சென்னையில் மறுநாள் காலை 8.30. கடிகாரத்தை மட்டும் பார்த்துக் கழித்தால் 17½ வர வேண்டும். அதே பச்சைப் பேனாவில் '14 மணி' என்று சரியாகப் போட்டிருக்கிறார்.