எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் நெல்லைக்காரர்களுக்கு: 'எர்த் பாக்ஸ்' வாங்காதீர்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டில் கார் சார்ஜ் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். சார்ஜ் ஏறாத வண்டிக்கு 'எர்த் பாக்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக் காசு பார்க்கிறார்கள். என்னிடம் 4,500 ரூபாய் வாங்கினார்கள். பணத்தை விடுங்கள், அது ஆளைக் கொல்லும் சாமான்.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்தபோது வண்டி வீட்டில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தியது. வண்டியோடு கொடுத்த 15 ஆம்பியர் சார்ஜர்தான். பிளக்கைச் சொருகினால் அந்தச் சார்ஜரில் சிவப்பு விளக்கு. நாலுவழிச் சாலையில் இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் ஜோராக ஏறுகிறது. சர்வீஸ் சென்டரில் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "வண்டிக்குள்ள இருக்கிற சார்ஜர் போயிருக்கும் சார், கொண்டு வந்து விடுங்க." விட்டால் எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வீட்டில் வருவது ஏசி கரண்ட், பேட்டரிக்கு வேண்டியது டிசி; மாற்றிக் கொடுப்பது வண்டிக்குள் இருக்கும் சார்ஜர். ஃபாஸ்ட் சார்ஜர் டிசி கரண்டை நேராக பேட்டரிக்குக் கொடுக்கிறது, வண்டிக்குள் இருக்கும் சார்ஜருக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் அங்கே ஏறுகிறது என்பதை வைத்து அந்தச் சார்ஜர் நன்றாக இருக்கிறதென்றும் சொல்ல முடியாது, கெட்டுவிட்டதென்றும் சொல்ல முடியாது. பொது இடத்தில் இருக்கும் ஏசி சார்ஜரில், 'டைப் 2' என்கிற ஏசி பிளக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டலில் போட்டேன், ஏறியது. அப்படியென்றால் வண்டியில் கோளாறு இல்லை, வீட்டு லைனிலோ வண்டியோடு கொடுத்த சார்ஜரிலோதான் ஏதோ இருக்கிறது.

அங்கேதான் அந்தக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். 'ஈவி ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு. வீட்டுக்கு வந்தார், மீட்டர் எதையும் கையில் எடுக்கவில்லை, எர்த் குழி எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. "அண்ணாச்சி, உங்க வீட்டு எர்த் வீக்கு. குழி தோண்டுனா செலவு ஜாஸ்தி. இதை மாட்டுங்க, கம்பெனி சாமான்." சாக்கெட்டில் பெட்டியைச் சொருகி அதன் மேல் சார்ஜர் பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'எர்த் கரெக்டர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம், வண்டி சார்ஜில் நிற்கும்போது அம்மா வெறுங்காலோடு போய் வண்டிக் கதவைத் தொட்டிருக்கிறாள். கை சுர்ரென்று இழுத்திருக்கிறது. நல்ல வேளை, அதோடு போயிற்று. மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆன மாமாவைக் கூப்பிட்டோம். மெயினை அணைத்து, பெட்டியைக் கழற்றித் திருப்புளியால் நெம்பித் திறந்தார்.

"ஏலே, இதுக்குள்ள ஒரு மண்ணும் இல்லலே. நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயரப் போட்டு முடிஞ்சு வச்சிருக்கான். எவன்ல இத மாட்டுனது?"

விஷயம் இதுதான். சார்ஜர் கரண்டைத் திறந்து விடுவதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று தானே சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். அது கோளாறு இல்லை, காவல். இந்தப் பெட்டி நியூட்ரலையே, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பியையே, எர்த் என்று காட்டிச் சார்ஜரை ஏமாற்றுகிறது. நியூட்ரல் எங்காவது தளர்ந்தாலோ அறுந்தாலோ கரண்ட் அந்த முடிச்சு வழியாகக் காரின் பாடிக்கு வந்துவிடும். சார்ஜருக்குள் இருக்கும் கசிவுப் பாதுகாப்புக்கும் இது தெரியாது, ஏனென்றால் முடிச்சு அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. எங்கள் வீட்டு மீட்டர் போர்டில் நியூட்ரல் முனை தளர்ந்து கருகியிருந்ததை மாமா காட்டினார். பழைய வீடுகளில் சாக்கெட்டில் பேஸும் (கரண்ட் வருகிற கம்பி) நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம். அப்படிப்பட்ட சாக்கெட்டில், எர்த்தும் இல்லாத வீட்டில், இந்தப் பெட்டியைச் சொருகினால் வண்டி பாடியில் அந்த நிமிஷமே 230 வோல்ட்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? எர்த் குழியில் கிளாம்ப் போட்ட இடத்தில் கம்பி உப்பரித்து அறுந்து கிடந்தது. எங்கள் தெரு சரள் மண் வேறு, கோடையில் ஈரமே நிற்காது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுப் புதுக் குழி எடுத்தோம். எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குக் கீழே வந்தது. கார் சாக்கெட்டுக்குத் தனி லைன், லோடு மிஞ்சினால் அணைக்கிற தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சிவப்பு விளக்கு அப்புறம் வரவே இல்லை. இத்தனைக்கும் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து ஆன செலவு, ஒன்றும் இல்லாத அந்தப் பெட்டியின் விலையைப் போல இரண்டு மடங்குகூட இல்லை.

கடைக்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். "ஊரே இதத்தான் மாட்டுது அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். பணம் தர முடியாதாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அதற்கும் மனு தயாராகிறது. துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய ஜிபே ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் கையில் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டில் சார்ஜ் ஏறவில்லையென்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே என்ன வோல்ட்டோ, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் 90-க்கு மேல் காட்டியது.

ஏற்கெனவே இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், சாக்கெட்டிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரைப் பீப் சத்தம் வரும் இடத்தில் திருப்பி, தடித்த எர்த் பின்னையும் மற்ற இரண்டு பின்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எதிலாவது சத்தம் வந்தால், அதை மறுபடி சொருகாதீர்கள்.