ஆரியங்காவா, குமுளியா?

போன்களை டேஷ்போர்டுக்குள் பூட்டிவிட்டு, செங்கோட்டையில் இருந்து கேரளாவுக்குப் போகும் இந்த இரண்டு மலைவழியிலும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தாயிற்று.

குமுளி வெகுதூரம். கம்பம் வரும் முன்பே சின்னவன் "போன் குடும்மா" என்று ஆரம்பித்துவிட்டான். லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி, "1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்டா" என்றதும்தான் வாயை மூடினான். தேக்கடிப் படகில் யானை தெரிந்தால் சரி, இல்லாவிட்டால் கொட்டாவிதான்.

ஆரியங்காவு பக்கம். கழுதுருட்டி ரயில் பாலத்துக்கு 13 கண். பெரியவள் விரல்விட்டு எண்ணினாள், 12 வந்தது. மறுபடி முதலில் இருந்து. போன் யாருக்கும் ஞாபகம் இல்லை! அப்புறம் புனலூர்த் தொங்குபாலம், 1870களில் கட்டியது. சின்னப் பிள்ளைகள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சாலையில் வளைவுகள் அதிகம், குமட்டலுக்கு உப்பு நெல்லிக்காயை மறக்காதீர்கள்.